பல் வலிக்கு எழுதிய ஆன்டிபயாடிக்கும் இதய வால்வு மாத்திரையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது டெல்டா மாவட்டம் ஒன்றில், நடுத்தர அளவுள்ள ஒரு மருத்துவமனையில் நடந்தது. அங்கே நான் கிளினிக்கல் பார்மசிஸ்ட். சேர்க்கப்படும் நோயாளிகள் வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிட்டு வந்தார்கள் என்று கேட்டுப் பட்டியல் எடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. சம்பந்தப்பட்ட அம்மாவும் அவர் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

அந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சின்ன வயதில் மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் வந்து, அது ருமாட்டிக் காய்ச்சல் என்று தெரிந்து, பல வருடம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டிருக்கிறார்கள். இருந்தும் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனது. ஒன்பது வருடத்துக்கு முன் சென்னையில் அறுவை சிகிச்சை செய்து செயற்கை உலோக வால்வு வைத்தார்கள்.

உலோக வால்வின் மேல் ரத்தம் சுலபமாகக் கட்டிவிடும். கட்டினால் வால்வு திறக்காமல் நின்றுபோகலாம்; கட்டியில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் இந்த வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க ரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். இவருக்கு அசினோகூமரால் 2 மி.கி., தினமும் ராத்திரி ஒன்று. மருந்து சரியான அளவில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை. மாத்திரை சாப்பிடாத ஒருவருக்கு அது 1 சுமாருக்கு இருக்கும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் வைத்திருப்பார்கள். குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் கசியும். இந்த அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு ஐஎன்ஆரையும் எழுதி வைத்திருந்தார். பல் வலி வருவதற்கு ஐந்து வாரம் முன் பதிவான கடைசி அளவு 2.8. இவ்வளவு ஒழுங்காக மாத்திரை சாப்பிடுபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் மருந்துகள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்துகொண்டிருந்தன. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடும். வால்வு மாத்திரையை மகன் மாதம் ஒருமுறை டவுனில் வாங்கிவருவார். ஐஎன்ஆர் எடுப்பது தெருமுனை லேபில். அளவைப் போனில் சொல்லி இதய மருத்துவரின் கிளினிக்கில் டோஸ் கேட்டுக்கொள்வார்கள். ஆக, இந்த அம்மா சாப்பிடும் எல்லா மருந்தும் ஒரே தாளில் எழுதப்பட்டு எங்கேயும் இல்லை.

பல் மருத்துவரிடம்

கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாத வலி. மருமகள் பக்கத்து ஊர் பல் மருத்துவரிடம் அழைத்துப்போனார். மருத்துவர் கேட்காமல் இல்லை. “பி.பி., சுகர் இருக்காம்மா?” என்று கேட்டார். அந்த அம்மாவால் பேச முடியவில்லை. மருமகள்தான் சொன்னார்: “சுகர் இல்ல டாக்டர். பி.பி.க்கு மட்டும் மாத்திரை போடுறாங்க.” மருந்து எதற்காவது அலர்ஜி உண்டா என்றும் கேட்டார்; இல்லை என்றார்கள். கேட்ட கேள்வி அளவில் இரண்டு பதிலும் உண்மைதான்.

சீட்டில் எழுதியது: அமாக்சிசிலின் 500 மி.கி. மூன்று வேளை, மெட்ரோனிடசோல் 400 மி.கி. மூன்று வேளை (இவை இரண்டும் ஆன்டிபயாடிக்), வலிக்கு அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை, வயிற்றுக்குப் பான்டோபிரசோல். எல்லாம் ஐந்து நாளுக்கு. வீக்கம் வடிந்ததும் ஆறாம் நாள் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று திட்டம். பல்லில் சீழ் பிடித்தவர்களுக்கு நம் ஊரில் வழக்கமாக எழுதப்படும் சீட்டு இது. வால்வு மாத்திரை சாப்பிடாத ஒருவர் இதைச் சாப்பிட்டிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருக்காது.

மருந்துக்கடையில் மருமகள் சீட்டை நீட்டினார். எடுத்துக் கொடுத்தவர் காலை, மதியம், ராத்திரி என்று கவர் மேல் எழுதிக் கொடுத்தார். வேறு பேச்சு இல்லை.

அந்த ஐந்து நாட்கள்

முதல் இரண்டு நாளும் கஞ்சியும் மோரும்தான். மெல்ல முடியாததால் வழக்கமாகச் சாப்பிடும் கீரை, பொரியல் எல்லாம் நின்றுபோயின. ராத்திரி மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விடவில்லை. மூன்றாம் நாள் வலி குறைந்தது.

நான்காம் நாள் சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. “மாத்திரை சூடு” என்று வீட்டில் முடிவு செய்து இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள். மாத்திரைதான் காரணம் என்று நினைத்ததில் பெரிய தவறு ஒன்றுமில்லை. மெட்ரோனிடசோலே சிலருக்குச் சிறுநீரைச் செம்பழுப்பாக மாற்றும், அதனால் கெடுதல் இல்லை. இங்கே சிக்கலும் அதுதான்: கெடுதல் இல்லாத நிறமும் ரத்தம் கலந்த நிறமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். சோதனை செய்யாமல் பிரிக்க முடியாது.

அன்று சாயங்காலம் முன்கையில், வளையல் அழுந்தும் இடத்தில், கன்றிப்போனது போல நீலம் பாய்ந்திருந்தது. ஐந்தாம் நாள் காலையில் தலையணை உறையில் ரத்தம். ஈறிலிருந்து கசிவு நிற்கவே இல்லை. உப்புத் தண்ணீர் கொப்பளித்தும் பயனில்லை. மதியத்துக்கு மேல் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார்கள்.

அவசரப் பிரிவில் கண்டது

வந்தபோது புகார் “பல்லில் ரத்தம்”. பல் மருத்துவரிடமே திருப்பி அனுப்பிவிடக்கூடிய புகார். நல்லவேளையாக, நாடித்துடிப்பு வேகமாக இருந்ததால் பணியிலிருந்த மருத்துவர் ஈசிஜி எடுக்கச் சொன்னார். லீட் ஒட்டும்போது நெஞ்சின் நடுவில் நீளமான தழும்பை நர்ஸ் பார்த்தார். ஸ்டெதஸ்கோப் வைத்ததும் உலோக வால்வின் கிளிக் கிளிக் சத்தம் தெளிவாகக் கேட்டது.

“அம்மா, நெஞ்சுல என்ன ஆபரேஷன்?”

“அது வால்வு வச்சதும்மா, ஒம்பது வருசம் ஆச்சு. அது நல்லாத்தான் இருக்கு. பல்லுதான் தொந்தரவு.”

இந்தப் பதிலைத்தான் இந்த நிகழ்வின் மையமாக நான் பார்க்கிறேன். அவர் எதையும் மறைக்கவில்லை. வால்வு அவருக்கு நோய் இல்லை; சரிசெய்து முடித்த விஷயம். “என்ன நோய் இருக்கிறது” என்று கேட்டால் அது பதிலில் வராது.

உடனே ஐஎன்ஆர் அனுப்பினார்கள். 9.4 வந்தது. ஹீமோகுளோபின் 9.8, நோட்டில் ஒட்டியிருந்த பழைய லேப் தாளில் 11.2. சிறுநீரில் நிறையச் சிவப்பணுக்கள். கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் சரியாக இருந்தது. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், கை கால் பலவீனம் எதுவும் இல்லை. இந்த அளவு ஐஎன்ஆரில் எல்லாரும் முதலில் பயப்படுவது மூளைக்குள் ரத்தக் கசிவுக்குத்தான்.

மருந்துப் பட்டியல் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். என்ன மாத்திரை என்று கேட்டதற்கு மகன் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுத்துக் காட்டினார். இரண்டு மாத்திரை மட்டும் மீதியிருந்த, கத்தரியால் வெட்டிய துண்டு. பெயர், மில்லிகிராம், காலாவதித் தேதி எல்லாம் கடையில் நின்றுபோன மறுபாதியில். கடைகளில் முழு அட்டையாக வாங்காதபோது இப்படித்தான் வெட்டித் தருகிறார்கள். பல் மருத்துவர் மாத்திரையைக் காட்டச் சொல்லியிருந்தாலும் இந்தத் துண்டிலிருந்து எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. வீட்டிலிருந்து மருந்து வைக்கும் துணிப்பையையும் நோட்டையும் கொண்டுவரச் சொன்னேன். நோட்டின் முதல் பக்கத்தில் அசினோகூமரால் என்று எழுதியிருந்தது. பல் சீட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

ஏன் இப்படி ஆனது

கல்லீரலில் சிஒய்பி2சி9 என்று ஒரு நொதி இருக்கிறது. அசினோகூமராலையும் அதன் உறவு மருந்தான வார்ஃபரினையும் உடைத்து வெளியேற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு. மெட்ரோனிடசோல் அந்த நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. அதே 2 மி.கி. மாத்திரைதான், ஆனால் உடலில் அதிக நேரம் தங்கி அதிகமாக வேலை செய்கிறது.

அது மட்டும் காரணம் இல்லை. இந்த மாத்திரைகள் வேலை செய்வதே வைட்டமின் கே-யை முடக்கித்தான். கீரையும் காய்கறியும் நின்றதால் வரவு குறைந்தது. குடலில் வைட்டமின் கே உண்டாக்கும் கிருமிகளும் ஆன்டிபயாடிக்கில் அடிபட்டிருக்கும். இதற்கு மேல் அசெக்ளோஃபெனாக். அது ஐஎன்ஆரை அதிகம் மாற்றாவிட்டாலும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் குறைத்து, வயிற்றின் உட்சுவரையும் புண்ணாக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த வகை வலி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டன.

எடுத்த முடிவுகள்

மெட்ரோனிடசோலையும் அசெக்ளோஃபெனாக் மாத்திரையையும் உடனே நிறுத்தினார்கள். அன்றைய ராத்திரி அசினோகூமராலும் கொடுக்கவில்லை.

அடுத்தது வைட்டமின் கே. இதில் விவாதம் நடந்தது. பயிற்சி மருத்துவர் 10 மி.கி. நரம்பு வழியாகப் போட்டுவிடலாம் என்றார். ரத்தம் கசியும் நோயாளியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இவருக்கு உள்ளே உலோக வால்வு. பெரிய டோஸ் போட்டு ஐஎன்ஆரை ஒரேயடியாகக் கீழே தள்ளினால் வால்வில் ரத்தம் கட்டும் ஆபத்து. அதோடு, பிறகு பல நாள் அசினோகூமரால் கொடுத்தாலும் ஐஎன்ஆர் ஏறாமல் அடம்பிடிக்கும். உயிருக்கு ஆபத்தான கசிவாக இருந்தால் கணக்கே வேறு; அப்போது கசிவை நிறுத்துவதுதான் முதல் வேலை. இங்கே ஈறு, சிறுநீர், தோல் அளவில்தான் இருந்தது. இதய மருத்துவரோடு போனில் பேசி, வாய்வழியாக 2 மி.கி. மட்டும் என்று முடிவானது.

வைட்டமின் கே1 மாத்திரை கையிருப்பில் இல்லை. ஊசி மருந்தையே வாய்வழியாகக் கொடுக்கலாம். ஆம்பூலில் எழுதியிருப்பது கே1 தானா என்று படித்துப் பார்த்தேன். கே3 என்ற வகையும் நம் கடைகளில் புழங்குகிறது. அது இந்த வேலைக்கு உதவாது. ஒரு மில்லியில் 10 மி.கி. உள்ள ஆம்பூலிலிருந்து 0.2 மி.லி. எடுத்துத் தண்ணீரில் கலந்து கொடுத்தோம்.

அமாக்சிசிலினை நிறுத்தவில்லை. சீழ் பிடித்த பல்லைச் சிகிச்சை இல்லாமல் விடுவது இவருக்குச் சாதாரண விஷயம் இல்லை. அங்கிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து செயற்கை வால்வில் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அமாக்சிசிலினும் பென்சிலின் வகைதான்; சின்ன வயதில் வருடக்கணக்காகப் பென்சிலின் ஊசி தாங்கியவர் என்பதால் அலர்ஜி பயமும் இல்லை. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் நாளுக்கு 2 கிராமுக்குள்; அதற்கு மேல் பல நாள் தொடர்ந்தால் அதுவும் ஐஎன்ஆரை ஏற்றும். ஈறில், கசிவை நிறுத்த உதவும் டிரனெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார்கள்.

பின்னர் நடந்தது

மறுநாள் காலை ஐஎன்ஆர் 4.1. ஈறுக் கசிவு நின்றிருந்தது. அசினோகூமரால் வார்ஃபரினைவிடச் சீக்கிரம் உடலைவிட்டுப் போகும் மருந்து. இந்த வேகமான இறக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். மூன்றாம் நாள் 2.6. அன்று ராத்திரியே பழைய டோஸ் 2 மி.கி. தொடங்கினார்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனில் வால்வு இதழ்கள் நன்றாக அசைந்தன. சிறுநீர் தெளிந்தது. நான்காம் நாள் வீட்டுக்குப் போனார்.

பல் மருத்துவரிடம் எங்கள் மருத்துவரே பேசினார். ஆறாம் நாள் பல் பிடுங்கத் திட்டமிட்டிருந்தார்கள் என்பதை அப்போதுதான் நாங்கள் அறிந்தோம். 9.4 ஐஎன்ஆரோடு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கப் பிடிக்கவில்லை. பல் மருத்துவர் கேட்டுப் பதறிப்போனார். சீட்டு எழுதும்போது இனி என்ன கேட்க வேண்டும் என்று அவராகவே விசாரித்தார்.

ஆன்டிபயாடிக் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பல்லை எடுத்தார்கள். முந்தின நாள் ஐஎன்ஆர் 2.7. வால்வு மாத்திரையை நிறுத்தவில்லை. பல் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே டோஸாகக் கொடுத்தார்கள்; செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு இது கட்டாயம். அந்த இடத்தில் தையல் போட்டு, டிரனெக்ஸாமிக் அமிலத்தால் கொப்பளிக்க வைத்தார்கள். கசிவு இல்லை.

எங்கே தடுத்திருக்கலாம்

மருந்துக்கடையைப் பற்றி முதலில் சொல்கிறேன், அது என் தொழில் என்பதால். சட்டப்படி ஆன்டிபயாடிக்குக்குச் சீட்டு வேண்டும். சீட்டு இருந்தது, கடையும் அதைப் பார்த்துத்தான் கொடுத்தது. ஆனால் 2015-ல் இந்திய மருந்தியல் கவுன்சிலின் விதிமுறைகள், மருந்து கொடுக்கும்போது நோயாளிக்கு விளக்கம் சொல்வதையும் பார்மசிஸ்ட்டின் பொறுப்பில் சேர்த்திருக்கின்றன. “வீட்ல வேற என்ன மாத்திரை போடுறாங்க?” என்று ஒரே ஒரு கேள்வி. மருந்து கைக்குப் போவதற்கு முந்தின கடைசி இடம் அதுதான்.

பல் மருத்துவர் நோயைக் கேட்டார். கேட்க வேண்டியது மாத்திரையை. அதுவும் பொதுவாக “வேறு மருந்து உண்டா” என்றால் “இல்லை” என்றுதான் பதில் வரும். பல வருடமாகத் தினமும் சாப்பிடுவது மக்கள் மனதில் மருந்துக் கணக்கில் வருவதில்லை. சாப்பாட்டோடு சாப்பாடாகப் போய்விடுகிறது. “காலைல எழுந்ததும் என்ன போடுறீங்க, ராத்திரி படுக்கும்போது என்ன போடுறீங்க, எதுக்காவது மாசாமாசம் ரத்தம் டெஸ்ட் எடுக்கறீங்களா, எப்பவாவது ஆபரேஷன் ஆயிருக்கா” என்று நேரத்தையும் காரியத்தையும் வைத்துக் கேட்டால்தான் வெளியே வரும். எங்கள் வார்டில் நான் இப்படி மாற்றிக் கேட்கத் தொடங்கியதிலிருந்து பட்டியல்கள் நீளமாகிவிட்டன.

குடும்பத்தின் பக்கம்: நோட்டு வீட்டில் இருந்தது. பல்லுக்கு எதற்கு அது என்று எடுத்துப்போகவில்லை. டிஸ்சார்ஜின்போது இதய மருத்துவமனையில் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். ஒன்பது வருடத்தில் அது நினைவில் நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இப்போது மாற்றியிருப்பவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடும் எங்கள் நோயாளிகள் எல்லாருக்கும் சட்டைப்பையில் அடங்கும் ஓர் அட்டை கொடுக்கிறோம். மாத்திரையின் பெயர், எதற்காக, ஐஎன்ஆர் இலக்கு, அழைக்க வேண்டிய எண். பின்பக்கம் பெரிய எழுத்தில்: “புது மாத்திரை எதுவானாலும், பல்லுக்கானாலும், இதைக் காட்டிய பிறகே முதல் வேளை.” புது ஆன்டிபயாடிக் தொடங்கினால் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஐஎன்ஆர் பார்க்கவும் அதில் எழுதியிருக்கிறோம். முடித்த பிறகு இன்னொரு தடவை. எங்கள் மருந்தகத்தில் மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்க வேண்டியிருந்தால் பெயரையும் தேதியையும் கவரில் எழுதித்தான் கொடுக்கிறோம்.

மற்ற நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும்போதும் கவுன்டரில் கேள்விகள் கூடியிருக்கின்றன. முன்பு ஏதாவது மாத்திரைக்கு உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சுத் திணறியதா என்பது முதலில். “அலர்ஜி” என்ற சொல்லுக்கு வயிற்றுப்போக்கையும் சேர்த்துச் சொல்பவர்கள் இருப்பதால், என்ன ஆனது என்றே கேட்கிறோம். கர்ப்பம், தாய்ப்பால், கிட்னிப் பிரச்சினை, வலிப்பு. தசைப்பிடிப்புக்கு டிசானிடின் சாப்பிடுபவருக்கு சிப்ரோஃப்ளாக்சசின் போகக் கூடாது. ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கும். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடும் வயதானவருக்கு லெவோஃப்ளாக்சசின் எழுதினால், லோ சுகர் வரலாம் என்று எச்சரிக்காமல் அனுப்புவதில்லை. இரும்பு, கால்சியம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் சிப்ரோஃப்ளாக்சசினையும் நேரம் தள்ளி எழுதிக் கொடுக்கிறோம், இல்லாவிட்டால் மருந்து உடலில் சேராது. மெட்ரோனிடசோல் என்றால் மது பற்றியும் கேட்கிறோம். கூட்ட நேரத்தில் வரிசையில் முணுமுணுப்பு வரத்தான் செய்கிறது. அதற்காக விடப்போவதில்லை.

அந்த அம்மாவுக்குச் சில மாதம் கழித்துச் சிறுநீரில் எரிச்சலும் காய்ச்சல் இல்லாத கடுப்பும் வந்தது. ஊரில் பார்த்த மருத்துவர் கோ-டிரைமாக்சசோல் எழுதினார். அதுவும் மெட்ரோனிடசோலைப் போலவே அதே நொதியைத் தடுக்கும் மருந்து. இந்தத் தடவை மகன் மருந்துக்கடையில் சீட்டோடு அட்டையையும் நீட்டினார். கடைக்காரர் கொடுக்காமல் அட்டையிலிருந்த எண்ணுக்கு அழைத்தார். கிரியேட்டினின் சரியாக இருப்பது எங்களிடம் பதிவில் இருந்ததால் அதற்குப் பதிலாக நைட்ரோஃபுரான்டாய்ன் என்ற வேறு ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று சொன்னோம். எழுதிய மருத்துவரும் சம்மதித்து மாற்றிக் கொடுத்தார். நான்காம் நாள் ஐஎன்ஆர் 3.1.